பிரஷர் பார்க்கவில்லை

எங்கள் டிஸ்பென்சரி மிகவும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிட்ட மருத்துவிச்சி மாற்றலாகி வந்து சேர்ந்தார். ஒழுங்கு என்று நான் சொல்வது புத்தகத்தின் ஒழுங்கை. மூதூரிலிருந்து உள்ளே, கிளிவெட்டிப் பக்கமாகப் போனால் வயல்வெளி நடுவே ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம். ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். அந்த ஊர் செய்த பிழை ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே பிள்ளைத்தாச்சிகளுக்குக் கிளினிக். வருகிற ஒவ்வொரு தாய்க்கும் புத்தகத்தில் ஒரு வரி, அந்த வரியில் நிறை, பிரஷர், சலம் என்கிற சிறுநீர், வீக்கம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒரு கட்டமும் வெறுமையாகக் கிடந்ததில்லை. நிரப்பியவன் நான்.

நான் அங்கே மருந்து கலக்குகிறவன். டிஸ்பென்சரியை நடத்தியவர் அப்போதிக்கரி ஐயா. ஊர்ச்சனம் அவரைப் பெரிய டொக்டர் என்றும் என்னைச் சின்ன டொக்டர் என்றும் கூப்பிட்டது. இரண்டு பேருமே டொக்டர் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் அதைத் திருத்த எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஐயா நல்ல மனிதர். அவருக்குத் திருகோணமலையில் அலுவல்கள் இருந்தன. அந்த அலுவல்கள் எப்படியோ செவ்வாய்க்கிழமைகளிலேயே வந்து விழுந்தன. திங்கள் மூதூரிலிருந்து கடல் கடக்கும் லாஞ்சியில் போவார், புதன் லாஞ்சியில் திரும்புவார். போகுமுன் எனக்குச் சொல்லிவிட்டுப் போவார்.

"பிரஷர்க் கட்டத்தில நோமல் எண்டு போடும் தம்பி. எல்லாம் நோமல்தானே."

இரண்டு வருஷம் போட்டேன். அந்த ஒரு சொல்லில் என் கையெழுத்து மிக அழகாக வந்துவிட்டது. பிரஷர் பார்க்கிற கருவி எங்களிடம் இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். இருந்தது. கொழும்பிலிருந்து பெட்டியோடு வந்து, பெட்டியோடு அலுமாரிக்குள் போனது. வெளியில் வைத்தால் பழுதாகிவிடும் என்று ஐயா பூட்டி, திறப்பைத் தன் சங்கிலியில் கோத்துக்கொண்டார்.

மிஸ்ஸிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அன்புவழிபுரத்து ஆள். மெலிந்த, உயரமான உருவம். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கக்கத்தில் ஒரு பிஸ்கற் தகரம். தகரத்துக்குள் சோதனைக் குழாய் ஒன்றும் சின்ன ஸ்பிரிட் விளக்கொன்றும் வைத்திருந்தார். எங்கள் டிஸ்பென்சரிக்கு வருகிற ஸ்பிரிட் ஐயாவின் பெற்றோமக்ஸை ஏற்றுவதற்கே போதாமலிருந்ததால், தன்னுடையதைத் தானே கொண்டுவந்தார்.

முதல் செவ்வாய் என்னிடம் கேட்டார்.

"தம்பி, பிரஷர் பாக்கிற சாமான் எங்க?"

"அலுமாரிக்குள்ள, மிஸ்ஸி."

"திறப்பு?"

"ஐயாட்ட."

"ஐயா?"

"திருகோணமலையில."

நல்ல செய்தி கேட்டவர்போலத் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை இழுத்தார். அது இங்கிலீசில் அச்சடித்த புத்தகம். கடைசிக் கட்டம் குறிப்புக்கானது. அதில் நாங்கள் ஒரு கோடு இழுத்துவிடுவோம். மிஸ்ஸி அங்கே உருண்டை உருண்டையான தமிழில் எழுதினார்: "பிரஷர் பார்க்கவில்லை. கருவி அலுமாரியில். திறப்பு அப்போதிக்கரியிடம். அப்போதிக்கரி திருகோணமலையில்."

அடுத்த தாய்க்கும் அதையே முழுதாக எழுதினார். அதற்கடுத்தவளுக்கும் அப்படியே. கைதான் நோகும், மேலே உள்ளபடி என்று போட்டுவிடலாமே என்றேன்.

"ஒவ்வொருத்தியும் வேற வேற ஆள் தம்பி. மேல உள்ளபடி எண்டு போட இவை என்ன ஒரே அச்சில வார்த்த கூரை ஓடே?"

ஏன் தமிழில் எழுதுகிறீர்கள் என்றும் கேட்டேன்.

"இங்கிலீசில பொய் எழுதுற அளவுக்கு நான் படிக்கேல்ல."

இதுதான் மிஸ்ஸி. நடந்ததை நடந்தபடி எழுதுவார். நடக்காததை நடக்கவில்லை என்று எழுதுவார். இதனால் ஒரு நன்மையும் விளையாதென்று எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னோம்.

எங்கள் தராசு நூற்றியிரண்டு றாத்தலில் இறுகிப்போயிருந்தது. யார் ஏறினாலும் நூற்றியிரண்டு. ஈர்க்குப்போல இருந்த புதுக் கல்யாணக்காரியும், ஒன்பதாம் மாதத்தில் மூச்சு வாங்க ஏறியவளும் நூற்றியிரண்டு. நான் அதை அப்படியே எழுதிவந்தேன். தராசோடு வாதாட எனக்கென்ன தகுதி. மிஸ்ஸியும் நூற்றியிரண்டு என்றுதான் எழுதினார். ஆனால் குறிப்பில், "இது தராசின் நிறை. தாயின் நிறை தெரியாது" என்று சேர்த்தார்.

சாப்பாட்டுக் கட்டத்தில் நான் "நல்லது" என்று போடுவது வழக்கம். மிஸ்ஸி ஒவ்வொருத்தியிடமும், "நேற்று என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டு, சொன்னதையே எழுதினார். "கஞ்சி, சம்பல்." "சோறு, புளியாணம்." ஒருத்திக்கு, "தேத்தண்ணி" என்று மட்டும் இருந்தது. அவளைப் பிடித்து ஏசினார். ஆறுதல் சொல்கிற பழக்கம் மிஸ்ஸியிடம் கிடையாது. சாப்பிடாமல் வந்தவளையும் ஏசுவார், சாப்பாடு கொடுக்காத மாமியையும் ஏசுவார். தாய்மார் பயந்துகொண்டே வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் வராமல் விட்டதில்லை.

மற்றவர்களை எழுதிவிட்டுத் தன்னை மறைத்துக்கொள்கிற ஆளாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும். ஒரு செவ்வாய் மூதூர் றோட்டில் பஸ் பழுதாகி, பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். வந்ததும் எழுதினார்: "மருத்துவிச்சி இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தார். தாய்மார் வெயிலில் நின்றார்கள்." அடுத்த மாதமே என் முறை வந்தது: "இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கவில்லை. மருந்து கலப்பவர் சீட்டு விளையாடப் போய்விட்டார்." மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

வருஷத்துக்கு ஒருதரம் திருகோணமலைக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் புத்தகம் பார்க்க வருவார். அந்தச் செவ்வாய் மட்டும் ஐயாவுக்குத் திருகோணமலையில் அலுவல் இராது. பெரியவருக்குத் தமிழ் விளங்காது, வாசிக்கவும் வராது. இளநீர் குடித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டி, இங்குள்ள தாய்மாரின் நிறை ஏறாமல் இறங்காமல் நிலையாக நிற்கிறது, மிகவும் நல்லது என்று இங்கிலீசில் சொன்னார்.

"அது தராசின்ர நிறை, சேர்" என்றார் மிஸ்ஸி.

பெரியவர் ஐயாவைப் பார்த்தார். இங்கத்தைத் தாய்மார் வயல்வேலை செய்கிறவர்கள் என்று மிஸ்ஸி சொல்லுகிறா என்று ஐயா மொழிபெயர்த்தார். பெரியவர் சந்தோஷப்பட்டார். போகுமுன், மற்ற இடங்களில் குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விடுகிறார்கள், இங்கே ஒவ்வொரு வரியும் நிறைந்திருக்கிறது என்று மிஸ்ஸியின் கையெழுத்தைப் பாராட்டி ஒப்பமும் வைத்தார்.

மிஸ்ஸி வந்த இரண்டாம் வருஷம், மாரிக்கு முந்தி, பக்கத்து ஊர் மருத்துவிச்சி லீவில் போனதால் மிஸ்ஸியை இரண்டு மாதம் அங்கே அனுப்பினார்கள். எனக்குப் பழைய நாட்கள் திரும்பி வந்தன. செவ்வாய் கிளினிக் பத்து மணிக்கே முடிந்தது. குளிசையைக் கொடுத்து, புத்தகத்திலும் தாய்மாரின் கார்ட்டிலும் நோமல் என்று எழுதி அனுப்பினேன். அப்படி இரண்டு மாதம் எழுதப்பட்டவர்களில் ஒருத்தி சுபைதா. இரண்டாவது பிள்ளை, எட்டாம் மாதம். புருஷன் சொந்த வயல் செய்கிறவர்.

மிஸ்ஸி திரும்பி வந்த முதல் செவ்வாய் நல்ல மழை. சுபைதா வாங்கில் வந்து இருந்தபோதே மிஸ்ஸி அவளுடைய முகத்தைப் பார்த்தார். முகம் ஊதியிருந்தது. கைவிரலில் மோதிரம் புதைந்திருந்தது.

"என்ன பிள்ளை, தலையிடிக்குதோ?"

"ஓம் மிஸ்ஸி. நெத்தி வெடிக்கிற மாதிரி. கண்ணும் மங்கலாத் தெரியிது."

மிஸ்ஸி அன்று ஏசவில்லை. தகரத்தைத் திறந்து விளக்கைக் கொளுத்தி, அவளுடைய சலத்தைக் குழாயில் விட்டுக் காய்ச்சினார். முட்டை வெள்ளைக்கரு அவிந்ததுபோல அது கட்டியாகத் திரண்டது. பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, அலுமாரியை உடையும்."

"மிஸ்ஸி, அது அரசாங்கப் பூட்டு."

மருந்து இடிக்கிற இரும்பு உலக்கையை எடுத்துப்போய்த் தானே உடைத்தார். இரண்டு அடியில் பூட்டு விழுந்தது. பெட்டியைத் திறந்து கருவியை எடுத்தார். பழுதாகக்கூடாதென்று பூட்டி வைத்த கருவியின் றப்பர் குழாய், கையில் எடுத்ததும் பிட்டுப்போல உதிர்ந்தது.

மிஸ்ஸி அதை மேசையில் வைத்துவிட்டு, விறாந்தையில் நின்ற புருஷனைக் கூப்பிட்டார்.

"இவவை இண்டைக்கே திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். மத்தியான லாஞ்சி இருக்கு. கடல் கொந்தளிக்குது, நாளைக்கு ஓடுமோ தெரியாது."

"மிஸ்ஸி, வயலுக்க வெள்ளம் ஏறிக் கிடக்கு. இண்டைக்கு வரம்பு வெட்டி விடாட்டி எல்லாம் போயிரும். நாளைக்கு விடியக் கூட்டிட்டுப் போறன்."

"நாளைக்குப் பிந்திப்போயிடும்."

அவர் மனைவியின் கார்ட்டை நீட்டினார். எழுத்து வாசிக்கத் தெரிந்த மனிதர். "ரெண்டு மாசமும் நோமல் எண்டு எழுதிக் கிடக்கே மிஸ்ஸி. ரெண்டு மாசம் நல்லா இருந்தவ ஒரு நாளுக்க என்ன ஆகப்போறா?"

மிஸ்ஸி கார்ட்டை வாங்கிப் பார்த்தார். அந்த அழகான எழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை.

"இது பாக்காமல் எழுதினது" என்றார்.

புருஷன் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா, சின்ன டொக்டர்?"

ஒரு சொல் போதும். ஓம் என்றால் முடிந்தது. என் கையில் குளிசைப் போத்தல் இருந்தது. அதன் மூடியைத் திருகினேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"அதை ஐயாட்டத்தான் கேக்கவேணும்" என்றேன்.

அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மிஸ்ஸி வாங்குப் பக்கம் திரும்பினார். மிச்சமிருந்த தாய்மாரைப் பார்த்து முடித்து, எழுதவேண்டியதை எழுதினார். பிறகு குடையையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு, மழையில் வரம்பு வழியே அவர்களுடைய வீட்டுக்கு நடந்தார். அன்று அங்கேயே தங்கினார்.

விடியும்போது சுபைதாவுக்கு வலிப்பு வந்தது. மிஸ்ஸி அவளைப் பக்கவாட்டில் சரித்து, பல்லுக்கிடையில் துணி சுற்றிய கரண்டியை வைத்து, நாக்கைக் காப்பாற்றினார். லாஞ்சி அன்று ஓடவில்லை. ட்ராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தி, தறப்பாளால் மூடி, சுற்றுப்பாதையால் போனார்கள். அந்த வழியில் ஒவ்வொரு ஆற்றையும், பாதை என்கிற மிதவையில் ட்ராக்டரை ஏற்றி, கயிறு இழுத்து, கடக்கவேண்டும். வெள்ளத்தில் ஒவ்வொரு பாதைக்கும் காத்து நிற்கவேண்டும். லாஞ்சியில் ஒன்றரை மணித்தியாலம் போகிற தூரத்துக்கு அன்று ஒரு முழுப் பகல் சென்றது. வழியில் இன்னும் இரண்டு தரம் வலிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரியில் சுபைதாவைக் காப்பாற்றினார்கள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆண்பிள்ளை.

இரண்டு நாள் கழித்து மிஸ்ஸி அதே சேலையோடு வந்து புத்தகத்தை எடுத்தார். அந்த வரியின் குறிப்புக் கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். கருவியின் றப்பர், பூட்டை உடைத்தது, போகாத லாஞ்சி, பிள்ளை, எல்லாம் எழுதினார். "கார்ட்டில் நோமல் என்று இருந்தது. பார்க்காமல் எழுதப்பட்டது" என்றும் எழுதினார். யார் எழுதியது என்று எழுதவில்லை. நான் அந்தப் பக்கத்தைப் பிறகு பலதரம் வாசித்தேன். என் பெயரை அவர் போட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

புருஷன் கந்தோருக்குப் பெட்டிஷன் எழுதினார். விசாரணைக்கு ஆள் வருகிறது என்று கடிதம் வந்த அன்றே ஐயா என் கையில் புதிய வெறும் புத்தகம் ஒன்றைத் தந்தார்.

"பழசு அழுக்காய்க் கிடக்கு தம்பி. தெளிவா ஒருக்கா எழுதும். குறிப்பில கோடு இழும். பழசை எரிச்சுப்போடும்."

மூன்று நாள் இருந்து எழுதினேன். பழைய புத்தகத்தை எரிக்கவில்லை. அதைத் துணிவு என்று யாரும் எண்ணவேண்டாம். மாரி ஈரத்தில் விறகே பற்றாத நாட்கள்; அதுவோ தடித்த மட்டை போட்ட புத்தகம். மிக்ஸர் மருந்துப் போத்தல்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

புதிய புத்தகத்தில் ஒப்பம் வைக்கும்படி மிஸ்ஸியிடம் கொடுத்தார் ஐயா. மறுக்காமல் வாங்கினார். எல்லாப் பக்கத்திலும் ஒப்பம் வைத்தார். கடைசிப் பக்கத்தில், நான் இழுத்த கோட்டுக்கு மேலே எழுதினார்: "இந்தப் புத்தகம் போன வியாழன் தொடங்கிச் சனி வரைக்கும் எழுதப்பட்டது. மை ஒன்று, பேனை ஒன்று, கை ஒன்று."

விசாரணைக்கு வந்தவருக்குத் தமிழ் வாசிக்க வந்தது. எங்கள் டிஸ்பென்சரி அப்படியொரு அசம்பாவிதத்துக்குத் தயாராக இருக்கவில்லை. அவர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பழைய புத்தகம் எங்கே?"

"கறையான் அரிச்சுப்போட்டுது, சேர்" என்றார் ஐயா.

நான் எழும்பிப் போய், போத்தல்களை விலக்கி, அதை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது. மிஸ்ஸி அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் மிஸ்ஸியின் இரண்டு வருஷத்துக் குறிப்புகளையும் முதலிலிருந்து வாசித்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. தேத்தண்ணி மட்டுமே சாப்பிட்ட அந்தத் தாயின் வரியில் கொஞ்சநேரம் நின்றார்.

மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது. அரசாங்கப் பூட்டை உடைத்ததற்காக மிஸ்ஸிக்கு எச்சரிக்கையும் தூர இடத்துக்கு மாற்றமும். ஐயாவுக்கு, சேவையின் தேவை கருதி, திருகோணமலை நகரத்துக்கே மாற்றம். இனி அவர் லாஞ்சியில் அலையத் தேவையில்லை. எனக்கு, பதிவேட்டைப் பாதுகாத்து வைத்ததற்காகப் பாராட்டு. அந்தக் கடிதத்தை என் மனைவி கண்ணாடி போட்டு மாட்டவேண்டும் என்றாள். நான் விடவில்லை.

மிஸ்ஸி போகிற அன்று மூதூர்த் துறைக்குப் போனேன். ட்ரங்குப் பெட்டிமேல் குடையோடு இருந்தார். சுபைதாவின் புருஷனும் ஒரு சாக்கு அரிசியோடு வந்து நின்றார். மிஸ்ஸி வாங்கமாட்டேன் என்றார், அவர் கேட்காமல் லாஞ்சிக்குள் வைத்துவிட்டு வந்தார். புருஷன் தனியே நின்ற நேரம் பார்த்து நான் பக்கத்தில் போனேன்.

"அந்த நோமல் நான் எழுதினது. பாக்காமல் எழுதினது."

"தெரியும்" என்றார். "ஆஸ்பத்திரி விறாந்தையில நான் கேட்டன், மிஸ்ஸி சொன்னா."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நல்லது.

"எங்களுக்கு வேற டிஸ்பென்சரி இல்ல, சின்ன டொக்டர். இனியும் உங்களிட்டத்தான் வரவேணும். வருவம். நீங்க நோமல் எண்டு எழுதினா, அண்டைக்கே லாஞ்சியேறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவம்."

கோபமில்லாமல், வயல் கதை கதைக்கிற மாதிரியே சொன்னார். பெட்டிமேல் இருந்த மிஸ்ஸிக்கு அது கேட்டிருக்கவேண்டும்.

"நல்ல யோசனை" என்றார். லாஞ்சிக்காரன் கூப்பிட, எழும்பி, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையில் நடந்து ஏறினார். கை காட்டுகிற பழக்கமும் அவரிடம் இருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து சுபைதா மறுபடி பிள்ளைத்தாச்சியாக வந்தாள். புதிய அப்போதிக்கரி புதிய கருவியால் தன் கையால் பிரஷர் பார்த்தார். எனக்குச் சந்தேகமாக இருந்தது, இன்னொருதரம் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஒரு குறையுமில்லை. கார்ட்டில் நோமல் என்று எழுதி அவளிடம் கொடுத்தேன்.

"பார்த்துத்தான் எழுதினது, பிள்ளை. ரெண்டு தரம்."

அவள் கார்ட்டை வாசித்தாள். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். பிறகு வெளியே போய்ப் புருஷனிடம் அதைக் காட்டினாள். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் மூதூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். மத்தியான லாஞ்சியைப் பிடிப்பதற்கு நேரம் இருந்தது.